45 நாளில் பணம்: திருப்பூர் வணிகர்களாகிய எங்கள் நிலைப்பாடு

குறு, சிறு நிறுவனங்களுக்குத் தர வேண்டிய பணத்தை 45 நாளுக்குள் தராமல் நிதியாண்டு முடியும்போதும் பாக்கி வைத்திருந்தால் அந்தச் செலவை அந்த ஆண்டுக் கணக்கில் கழிக்க முடியாது என்கிற வருமான வரி விதியை நீக்கச் சொல்லி மத்திய அரசுக்கு மனு அனுப்ப வேண்டும் என்று உறுப்பினர்களில் ஒரு பகுதியினர் கேட்டு வந்தார்கள். நீக்க முடியாவிட்டால் கெடுவை 90 நாளாக நீட்டச் சொல்லலாம் என்றும் யோசனை வந்தது. இரண்டையும் எங்கள் வர்த்தக சபை ஏற்கவில்லை. விதி இருக்க வேண்டும், 45 நாள் 45 நாளாகவே இருக்க வேண்டும், இப்போதைய ஓட்டைகளையும் அடைக்க வேண்டும் என்பதே எங்கள் நிலைப்பாடு.

இது எளிதாக எடுத்த முடிவு அல்ல. எங்கள் சபையில் பணம் தர வேண்டியவரும் உண்டு, பணத்துக்குக் காத்திருப்பவரும் உண்டு. ஏற்றுமதியாளர், உள்நாட்டு பனியன் உற்பத்தியாளர், நூல் வியாபாரி, நிட்டிங், டையிங், காம்பேக்டிங், பிரிண்டிங், எம்பிராய்டரி, பவர்டேபிள், காஜா-பட்டன், லேபிள் கடை, அட்டைப்பெட்டி தயாரிப்பவர் என எல்லோரும் ஒரே கூரையின் கீழ் உட்காருகிறோம். ஒரு டி-சர்ட் பெட்டிக்குள் போவதற்குள் இத்தனை கை மாறுகிறது. மேலே ஒருவர் பில்லை நிறுத்தினால் கீழே வரிசையாக எல்லோருக்கும் நிற்கிறது.

அந்த வரிசையின் கடைசியில் இருப்பவர் பவர்டேபிள்காரர். பத்து, பதினைந்து தையல் மிஷின் வைத்து ஜாப் ஒர்க் எடுத்துத் தைத்துக் கொடுக்கிறார். அவருக்கு வாரத்தின் முக்கியமான நாள் சனிக்கிழமை. அன்றைக்குச் சாயந்திரம் டெய்லருக்கும் கை மடிக்கும் பெண்ணுக்கும் சம்பளம் எண்ணி வைத்தே ஆக வேண்டும். திங்கட்கிழமை தருகிறேன் என்று சொன்னால் அந்தத் திங்கட்கிழமை ஆள் வேறு கம்பெனியில் உட்கார்ந்திருப்பார். கரண்ட் பில் காத்திருக்காது. போட்ட பில்லுக்கான ஜி.எஸ்.டி.யை, பணம் வந்ததோ வரவில்லையோ, அடுத்த மாதம் கட்டியாக வேண்டும். ஆக, வாரக் கடைசியில் கூலி கொடுக்கிறவருக்கு நான்காம் மாதத்தில் பணம் வருகிறது. இடையில் இருக்கும் மாதங்களை அவர் கந்துவட்டியிலும் நகைக் கடனிலும்தான் கடக்கிறார். பெரிய கம்பெனியின் நடைமுறை மூலதனத்தை இந்த ஊரில் பவர்டேபிள்காரரின் மனைவியுடைய தாலிக்கொடி தாங்கிக்கொண்டிருக்கிறது என்றால் அது மிகை இல்லை.

சட்டம் புதிதல்ல. 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டமே இதைச் சொல்லிவிட்டது. எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளைத் தாண்டக் கூடாது, ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாள்தான். தாமதமானால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல் மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதாமாதம் கூட்டு வட்டி. எழுத்தில் இது கடுமையான சட்டம். நடைமுறையில் அந்த வட்டியைக் கேட்டு வாங்கியவர் எங்கள் ஊரில் அபூர்வம். அந்தச் சட்டத்தின் கீழ் உள்ள வசதியாக்க மன்றத்தில் மனுப் போட்டால் பணம் வரலாம், அடுத்த ஆர்டர் வராது. இந்தப் பயம்தான் பதினேழு ஆண்டுகளாகச் சட்டத்தைக் காகிதத்திலேயே வைத்திருந்தது. 2023 நிதிச் சட்டம் 43பி(எச்) என்ற விதியைக் கொண்டுவந்து, 2024 ஏப்ரல் 1 முதல் அது அமலானபோதுதான் நிலைமை அசைந்தது. ஏனென்றால் இதில் சின்னவர் யார் மீதும் புகார் கொடுக்க வேண்டியதில்லை. வாங்கியவரின் ஆடிட்டரே கேள்வி கேட்கிறார்.

ஏற்றுமதியாளர்கள் சொல்லும் வாதத்தை நாங்கள் தள்ளிவிடவில்லை. வெளிநாட்டு பையர் சரக்குப் போன பிறகு 60, 90 நாள் கழித்துத்தான் பணம் அனுப்புகிறார். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியச் சரக்குக்கு வரியை 50 சதவீதமாக ஏற்றியபோது, தைத்து முடித்த சரக்கே குடோனில் நின்றது. அந்த வேதனை உண்மை. ஆனால் ஏற்றுமதியாளருக்கு ஆர்டரைக் காட்டி வங்கியில் பேக்கிங் கிரெடிட் வாங்க வழி இருக்கிறது. நூலுக்கும் சாயத்துக்கும் தையலுக்கும் கொடுக்கத்தான் அந்தக் கடனே. பவர்டேபிள்காரருக்கு அந்தக் கதவு இல்லை. பையர் தாமதிக்கும் சுமையைத் தாங்க வழி உள்ளவர் தாங்க வேண்டும். வழியே இல்லாதவர் தலையில் இறக்குவதை இந்தச் சபை ஆதரிக்காது. அமெரிக்க வரி போன்ற நெருக்கடியில் ஏற்றுமதியாளருக்குக் கடன் கெடுவும் வட்டிச் சலுகையும் கேட்டுப் போராட வேண்டிய இடம் வங்கியும் அரசும்தான். அந்தப் போராட்டத்தில் நாங்கள் முன்னால் நிற்போம்.

விதியில் குறை இல்லாமல் இல்லை. பெரிய குறை, அது மார்ச் 31ஆம் தேதி மட்டுமே கடிக்கிறது. ஜூனில் வந்த பில்லை டிசம்பரில் கொடுத்தாலும் அதே நிதியாண்டுக்குள் கொடுத்துவிட்டால் வரியில் எந்த நஷ்டமும் இல்லை. அதனால் மார்ச்சில் பணம் ஓடுகிறது, ஏப்ரலில் பழைய வழக்கம் திரும்புகிறது. தாமதத்தை ஆண்டு முழுவதும் கணக்கிட்டு, தாமதமான தொகையை வரி தணிக்கை அறிக்கையில் மாதவாரியாகக் காட்ட வைக்க வேண்டும் என்று கேட்கிறோம். கம்பெனிகள் 45 நாளைத் தாண்டிய பாக்கியை அரையாண்டுக்கு ஒருமுறை அறிக்கையாகத் தர வேண்டியிருக்கிறது. திருப்பூரில் பெரும்பாலானவை தனிநபர், பங்குதாரர் நிறுவனங்கள் என்பதால் அந்த வலையிலும் சிக்குவதில்லை.

இன்னொரு குறை, வியாபாரிகளை விட்டுவிட்டது. 2021 ஜூலை முதல் மொத்த, சில்லறை வியாபாரிகள் உத்யம் தளத்தில் குறு, சிறு, நடுத்தர நிறுவனமாகப் பதிவு செய்யலாம், ஆனால் வங்கிகளின் முன்னுரிமைக் கடனுக்கு மட்டும்தான் அது செல்லும். நூலும் எலாஸ்டிக்கும் பட்டனும் கடனுக்குக் கொடுக்கும் சிறு கடைக்காரருக்கு 45 நாள் பாதுகாப்புக் கிடையாது. அதை அவர்களுக்கும் விரிவாக்க வேண்டும்.

உறுப்பினர்களிடமும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டியவை உண்டு. உத்யம் பதிவை ரத்து செய்தால்தான் ஆர்டர் என்று ஜாப் ஒர்க்காரரிடம் சொல்வது எங்கள் காதுக்கு வருகிறது. இது சட்டத்தை ஏமாற்றுவது மட்டுமல்ல, கூட வேலை செய்பவரின் வங்கிக் கடன் வாய்ப்பையே பறிப்பது. இதைச் சபை கண்டிக்கிறது.

டெபிட் நோட் விஷயமும் அப்படித்தான். சரக்கு வந்த 15 நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபம் சொல்லாவிட்டால் அதை ஏற்றுக்கொண்டதாகத்தான் 2006 சட்டம் எடுத்துக்கொள்கிறது. இங்கே நடப்பது வேறு. டெலிவரி சலானில் எடையும் பீஸ் எண்ணிக்கையும் சரி என்று கையெழுத்துப் போட்டு வாங்கிய லாட்டுக்கு, நான்கு மாதம் கழித்துப் பணம் கேட்டு வரும்போது ஷேடு மாறியது, அளவு குறைந்தது என்று டெபிட் நோட் எழுதிப் பில் தொகையைக் குறைக்கிறார்கள். அதற்குள் துணி துறைமுகம் தாண்டியிருக்கும், சரிபார்க்க ஒரு பீஸ் கூட மிச்சமிருக்காது. குறை இருந்தால் சரக்கு வந்த இரண்டு வாரத்துக்குள் சலான் எண்ணோடு எழுதிக் கொடுக்க வேண்டும். அதற்குப் பின் வரும் டெபிட் நோட்டை, தகராறு எங்கள் சமரசக் குழுவுக்கு வந்தால், நாங்கள் கணக்கில் எடுக்க மாட்டோம்.

ஜி.எஸ்.டி. சட்டம் 180 நாள் வரை இன்புட் கிரெடிட்டைத் திருப்பக் கேட்பதில்லை என்பதைக் காட்டி, அரசே ஆறு மாதம் அனுமதித்திருக்கிறது என்று வாதிடுபவர்களுக்கும் ஒரு வார்த்தை. அது வரி கிரெடிட்டுக்கான வரம்பு. பணம் கொடுக்கும் கெடு 2006 சட்டத்தில் இருக்கிறது. இரண்டையும் 45 நாளுக்கு ஒன்றாக்கும்படி ஜி.எஸ்.டி. கவுன்சிலுக்கு எழுதுகிறோம்.

அடுத்து நாங்கள் செய்யப்போவது: சபை அலுவலகத்தில் ஜாப் ஒர்க் யூனிட்டுகளுக்கு உத்யம் பதிவு முகாம் தொடர்ந்து நடக்கும், பதிவுக்குக் கட்டணம் இல்லை. ஆதாரும் பான் கார்டும் ஜி.எஸ்.டி. எண்ணும் கொண்டு வந்தால் போதும். இதற்குப் பணம் கேட்கும் இடைத்தரகர் யாரிடமும் போக வேண்டாம். ட்ரெட்ஸ் தளத்தில் பில்லை ஏற்றி, வாங்கியவர் ஒப்புக்கொண்டதும் வங்கியிடமிருந்து முன்பணம் பெறும் முறையை ஆடிட்டர்களைக் கொண்டு நேரடியாகச் செய்து காட்டும் கூட்டமும் நடத்துகிறோம். பெரிய உறுப்பினர்கள் தாமாக அந்தத் தளத்தில் சேர்ந்தால்தான் சின்னவர்களுக்கு அது பயன்படும் என்பதால், சேர்பவர்களின் பெயரை ஆண்டுப் பொதுக்குழுவில் வாசிக்கப்போகிறோம்.

45 நாளில் பணம் தருவதாக எழுதிக் கொடுக்கும் உறுதிமொழிப் படிவம் அலுவலகத்தில் வைக்கப்பட்டுள்ளது. நிர்வாகக் குழு உறுப்பினர்கள் அனைவரும் முதலில் கையெழுத்திட்டிருக்கிறார்கள். இந்த நிலைப்பாட்டின் நகல் மத்திய நிதி அமைச்சகத்துக்கும், குறு, சிறு, நடுத்தரத் தொழில் அமைச்சகத்துக்கும், மாநிலத் தொழில் வணிகத் துறைக்கும், தொகுதி நாடாளுமன்ற உறுப்பினருக்கும் அனுப்பப்படுகிறது.