பாட்டு திறக்கவில்லையா? சுத்தியலை எடுக்காதீர்கள்!

ஓசூர் கடைசல் பட்டறைகளில் வேலை செய்பவர்களுக்கு ஒரு விஷயம் நன்றாகத் தெரியும். மரை பொருந்தாத நட்டைப் போல்ட்டில் அடித்து ஏற்றக்கூடாது. ஏற்றினால் இரண்டும் கெடும். முதலில் அளவைப் பார்க்க வேண்டும்.

இரும்புக்கு உள்ள இந்த நியாயம் பாட்டுக்கும் உண்டு.

கிருஷ்ணகிரி மாவட்டக் கிராமங்களில் திரவுபதி அம்மன் திருவிழா என்றால் பாரதக் கூத்து நடக்கும். ஆர்மோனியம், மிருதங்கம், தாளம், முகவீணை எல்லாம் சேர்ந்து முழங்கும். விடிய விடிய ஆட்டம்! பார்ப்பவர் கையிலெல்லாம் இப்போது செல்போன். பாட்டைப் பதிந்துகொள்கிறார்கள்.

பதிந்ததைச் சீராக்க வேண்டுமே? ஓசூரிலோ, அங்கிருந்து சுமார் 40 கிலோமீட்டரில் உள்ள பெங்களூருவிலோ ஒலிப்பதிவுக் கூடத்துக்குக் கொண்டுபோகிறார்கள். அங்கேதான் சிக்கல்!

“தம்பி, நேற்றுகூட போனில் நன்றாகப் பாடியதே!” என்பார் கூத்து வாத்தியார்.

“கம்ப்யூட்டர் ஏற்கமாட்டேன் என்கிறது, வாத்தியாரே!” என்பார் கூடத்து இளைஞர்.

வாத்தியார் கம்ப்யூட்டரைத் திட்டுவார். இளைஞர் போனைக் குறை சொல்வார். உண்மையில் குற்றம் இரண்டின் மேலும் இல்லை. பாட்டின் அளவை யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. அதுதான் குறை!

பெயரை மாற்றினால் போதுமா?

பாட்டைக் கம்ப்யூட்டரில் சேமிப்பதற்குப் பல வகைகள் உண்டு. “வேவ்” என்பது ஒலியை உள்ளபடியே வைத்திருப்பது. “எம்.பி.3” என்பது காதுக்கு அதிகம் தெரியாத பகுதிகளைக் கழித்துவிட்டுச் சுருக்கி வைப்பது. பல போன்கள் “எம்.4.ஏ.” என்ற வகையில் பதிகின்றன. வாட்ஸ்-அப் குரல் செய்தி “ஓபஸ்” என்ற இன்னொரு வகை.

எல்லா இசை மென்பொருளும் எல்லா வகையையும் திறக்காது. உடனே சிலர் பைலின் பெயரில் “எம்.4.ஏ.” என்பதை அழித்து “வேவ்” என்று எழுதிவிடுகிறார்கள். புளி டப்பாவின் மேல் சர்க்கரை என்று எழுதினால் புளி இனிக்குமா? மாற்றித் தரும் மென்பொருளைக் கொண்டு முறையாக மாற்ற வேண்டும். “ஆடாசிட்டி” போன்ற இலவச மென்பொருள்கள் இருக்கின்றன.

ஆனால் ஒன்று. எம்.பி.3-ஐ வேவ் ஆக்கினால் அது திறக்கும். கழிந்துபோன ஒலி மட்டும் திரும்பி வராது. கூழாக்கிய மாம்பழத்தை மறுபடி பழமாக்க முடியாது என்று கிருஷ்ணகிரிக்காரர்களுக்குச் சொல்லவா வேண்டும்?

குரல் தடிப்பது ஏன்?

சில பைல்கள் திறக்கும். ஆனால் பாடுபவரின் குரல் தடித்து, பாட்டு இழுத்துக்கொண்டு போகும். இது ஏன்?

ஒலியைப் பதியும் கருவி ஒரு வினாடியைப் பல ஆயிரம் கூறுகளாக்கி அளக்கிறது. 1982-ல் விற்பனைக்கு வந்த சி.டி.க்கு வினாடிக்கு 44,100 அளவுகள். வீடியோவுக்குப் பெரும்பாலும் 48,000. இந்த எண் பைலின் தலைப்பில் இருக்கும். நல்ல மென்பொருள் அதைப் படித்துத் தானே சரிசெய்துகொள்ளும். தலைப்பு கெட்டிருந்தாலோ, கருவியை வேறு எண்ணில் வைத்திருந்தாலோ வந்தது வினை!

48,000-ல் பதிந்ததை 44,100-ல் ஓட்டினால் சுருதி ஏறக்குறைய முக்கால் கட்டை இறங்கிவிடும். ஒரு மணி நேரப் பாட்டு 65 நிமிடம் ஓடும். வாத்தியாருக்குத் தொண்டை கட்டிவிட்டதோ என்று கேட்பவர் நினைப்பார். பாவம், அவர் சரியாகத்தான் பாடினார்!

வெறும் பெட்டி

சி.டி.யிலிருந்து பாட்டை எடுப்பவர்கள் இன்னொரு வகையில் ஏமாறுகிறார்கள். “சி.டி.ஏ.” என்று முடியும் பைல்களை மட்டும் நகல் எடுத்துக்கொண்டு தட்டைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறார்கள். அவற்றில் பாட்டே இல்லை! பாட்டு தட்டில் எங்கே இருக்கிறது என்ற விலாசம்தான் இருக்கிறது. விலாசத்தை வைத்துக்கொண்டு வீட்டில் குடியிருக்க முடியுமா?

நீளமும் ஒரு தடை. வேவ் வகையில் ஒரு நிமிடத்துக்குச் சுமார் 10 எம்.பி. இடம் வேண்டும். 8 மணி நேரக் கூத்து 5 ஜி.பி. ஆகிவிடும். சாதாரண வேவ் பைலோ 4 ஜி.பி.க்கு மேல் தாங்காது. ஆகவே காட்சிக்கு ஒரு பைலாகப் பிரித்துக்கொள்வதே நல்லது.

இங்கிலாந்தில் நடந்தது

“ஒரு பாட்டுக்கு இத்தனை பாடா?” என்று சிலர் கேட்கலாம்.

1986-ல் இங்கிலாந்தில் பி.பி.சி. ஒரு பெரிய காரியம் செய்தது. 1086-ல் எழுதப்பட்ட “டூம்ஸ்டே” என்ற நிலக்கணக்குப் புத்தகத்தின் 900-வது ஆண்டு நினைவாக, நாட்டைப் பற்றிய செய்திகளையெல்லாம் லேசர் தட்டுகளில் பதிந்தது. பள்ளிப் பிள்ளைகளும் எழுதிக் கொடுத்தார்கள். 20 ஆண்டு முடிவதற்குள் அந்தத் தட்டைப் படிக்கும் கருவியே அரிதாகிவிட்டது. நிபுணர்கள் பாடுபட்டு மீட்க வேண்டியிருந்தது. 900 ஆண்டுப் புத்தகத்தை மட்டும் இன்றும் புரட்டிப் படிக்கலாம்!

ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் 1878-ல் பிறந்தவர் ராஜாஜி. அவர் எழுதிய ஆங்கிலப் பாட்டை எம்.எஸ்.சுப்புலட்சுமி 1966 அக்டோபர் 23-ந்தேதி ஐ.நா. சபையில் பாடினார். அந்தக் கச்சேரி இசைத்தட்டாக வந்தது. இன்றும் கேட்கலாம். அதே ஓசூர்ப் பக்கத்துக் கூத்துக்காரரின் குரல் நேற்றுப் பதிந்தும் இன்று திறக்கவில்லை என்றால் அது நியாயமா? எம்.எஸ். பாட்டுக்குப் பல பிரதிகள் உண்டு. கூத்து வாத்தியாருக்கு அந்த ஒரு போன்தான்!

என்ன செய்யலாம்?

தொழிற்சாலையில் ஒரு உதிரிப்பாகம் அளவுச் சீட்டோடுதான் அடுத்தவர் கைக்குப் போகிறது. பாட்டும் அப்படியே போகட்டும். என்ன வகை, வினாடிக்கு எத்தனை அளவு, பாடியவர் யார், எந்த ஊர், என்ன தேதி என்று ஒரு சீட்டு எழுதுங்கள்.

தமிழும் தெலுங்கும் கன்னடமும் உருதும் கலந்து பேசும் எல்லைப் பகுதி இது. சில பழைய மென்பொருள்கள் ஆங்கிலம் அல்லாத எழுத்தில் பெயர் இருந்தால் பைலைத் திறப்பதில்லை. ஆகவே பைலுக்கு ஆங்கில எழுத்தில் சிறு பெயர் போதும். முழுப் பெயரை அவரவர் மொழியில் சீட்டில் எழுதலாம்.

வாட்ஸ்-அப்பில் அனுப்பினால் “டாகுமெண்ட்” ஆக அனுப்புங்கள். பைல் உள்ளபடியே போகும். முக்கியமாக, வேறொரு கம்ப்யூட்டரில் திறந்து, முழுவதும் கேட்டுப் பார்க்கும்வரை போனில் உள்ள மூலத்தை அழிக்காதீர்கள்.

இது பெரிய படிப்பு அல்ல. வெர்னியரில் அளவு பார்க்கத் தெரிந்த பையன் ஒரே நாளில் கற்றுக்கொள்வான். ஓசூர், கிருஷ்ணகிரி வட்டாரத் தொழிற்பயிற்சி நிலையங்களில் இதை ஒரு நாள் பாடமாக வைக்க வேண்டும். நூலகங்களில் இதற்கென்று ஒரு கம்ப்யூட்டரை ஒதுக்க வேண்டும்.

வயதான வாத்தியார்கள் அடுத்த திருவிழாவிலும் பாடுவார்கள் என்பது நிச்சயம் இல்லை. அவர்கள் பாட்டு உங்கள் போனில் இருந்தால், இன்றைக்கே ஒரு முறை திறந்து பாருங்கள்.