ஐந்தாவது பிரிவும் அதிபரின் விருப்பமும்

2025 ஜூன் 24 அன்று, ஹேக் நகரில் நடைபெறவிருந்த நேட்டோ உச்சி மாநாட்டுக்குச் செல்லும் வழியில், கூட்டமைப்பின் 5ஆவது பிரிவுக்குக் கட்டுப்படுவீர்களா என்று அமெரிக்க அதிபர் டிரம்ப்பிடம் செய்தியாளர்கள் கேட்டனர். அது பொருள்கொள்ளும் விதத்தைப் பொறுத்தது, அப்பிரிவுக்குப் பல விளக்கங்கள் உண்டு என்றார் அவர். மறுநாள் வெளியான மாநாட்டுப் பிரகடனமோ கூட்டுப் பாதுகாப்பில் அசையாத உறுதி பூண்டது.

இத்தடுமாற்றம் புதிதன்று. 2017 மே மாதம் பிரஸ்ஸல்ஸ் உரையில் அவர் அப்பிரிவை ஏற்றுக்கொள்ளும் சொற்களைத் தவிர்த்தார். இரு வாரங்கள் கழித்து வாஷிங்டனில் ஏற்பதாகச் சொன்னார். 2024 பிப்ரவரியில், தென் கரோலினாப் பரப்புரையில், பணம் செலுத்தாத நாடுகளை விரும்பியபடி செய்துகொள்ளுமாறு ரஷ்யாவை ஊக்குவிப்பேன் என்றார்.

இதை ஒரு தனிமனிதரின் குணக்கேடு என்று ஒதுக்கிவிடுவோர் ஒப்பந்தத்தை முழுமையாகப் படிக்கவில்லை. ஓர் உறுப்பு நாட்டின் மீதான ஆயுதத் தாக்குதல் அனைவர் மீதான தாக்குதலாகக் கருதப்படும் என்னும் வரியையே எல்லோரும் எடுத்துக்காட்டுகின்றனர். அதனைத் தொடரும் சொற்களின்படி, ஒவ்வொரு நாடும் தான் தேவையெனக் கருதும் நடவடிக்கையை எடுக்கும். படைபலம் அதில் அடங்கலாம். அடங்கியே தீர வேண்டும் என்பதில்லை. போர் தொடுக்கும் அதிகாரம் காங்கிரசின் கையைவிட்டு நழுவிவிடலாகாது என்று 1949இல் அமெரிக்க செனட்டர்கள் வற்புறுத்தியதன் விளைவு இவ்வாசகம். டிரம்ப் இக்கதவைச் செய்யவில்லை. திறந்திருந்த கதவைப் பயன்படுத்துகிறார்.

செனட்டின் மூன்றில் இரு பங்கு ஆதரவோ காங்கிரசின் தனிச்சட்டமோ இன்றி அதிபர் நேட்டோவை விட்டு விலக முடியாது என 2023 டிசம்பரில் சட்டம் இயற்றப்பட்டது. ஆனால் அமைப்பில் இருந்துகொண்டே கைகட்டி நிற்பவரை அச்சட்டத்தால் என்ன செய்ய இயலும்? நம் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 4ஆவது பிரிவாவது, கடமையை வேண்டுமென்றே புறக்கணிக்கும், பட்டியல் சாதியினரோ பழங்குடியினரோ அல்லாத அரசு ஊழியருக்குச் சிறைத்தண்டனை விதிக்கிறது. அது எவ்வளவு அரிதாகக் கையாளப்படுகிறது என்பதை நாம் அறிவோம். நேட்டோ ஒப்பந்தத்தில் அந்த அளவுக்குக்கூட எதுவும் இல்லை.

இதுவரை ஒரே ஒருமுறைதான் 5ஆவது பிரிவு நடைமுறைக்கு வந்தது: 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பின், அமெரிக்காவுக்காக. தொடர்ந்து நிகழ்ந்த ஆப்கானிஸ்தான் போரில் சின்னஞ்சிறு டென்மார்க் 43 வீரர்களை இழந்தது. அதே டென்மார்க்கின் ஆளுகையிலுள்ள கிரீன்லாந்தைப் பெறப் படைபலத்தைப் பயன்படுத்த மாட்டேன் என உறுதிதர டிரம்ப் 2025 ஜனவரியில் மறுத்தார். காக்க வேண்டியவரே அச்சுறுத்துபவராகும்போது எந்தப் பிரிவை யாரிடம் நீட்டுவது?

இத்தடுமாற்றத்தின் விலையை யார் கொடுக்கிறார்கள் என்பதே எனக்கு முதன்மையான கேள்வி. 1951இல் அமைச்சர் பதவியைத் துறந்தபோது அண்ணல் அம்பேத்கர், ஆண்டு வருவாய் 350 கோடி ரூபாயில் ஏறத்தாழ 180 கோடி ராணுவத்துக்கே போவதைச் சுட்டிக்காட்டினார். ஆபத்தில் நம்பத்தக்க நண்பர்கள் இல்லாமையே, அதாவது வெளியுறவுக் கொள்கையே, அதற்குக் காரணம் என்றார். ஐரோப்பாவுக்கு நண்பர் இருக்கிறார், நம்பிக்கைதான் இல்லை. செலவோ அதே வழியில் ஏறுகிறது. 2035க்குள் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 5 விழுக்காட்டைப் பாதுகாப்புக்கும் அது சார்ந்தவற்றுக்கும் ஒதுக்க ஹேக் மாநாடு இலக்கு வைத்தது. தன் சமூகநலத் திட்டங்களோடு அது பொருந்தாது என ஸ்பெயின் பிரதமர் சான்செஸ் மறுத்தார். வணிகத்தில் இருமடங்கு வசூலிப்பேன் என்று டிரம்ப் மிரட்டினார்.

பிரிட்டன் அப்படி மறுக்கவில்லை. 2027க்குள் பாதுகாப்புச் செலவை 2.5 விழுக்காடாக உயர்த்துவதாக 2025 பிப்ரவரியில் அறிவித்த தொழிற்கட்சி அரசு, அதற்கான பணத்தை வெளிநாட்டு உதவியிலிருந்து எடுத்தது. தேசிய வருமானத்தில் 0.5 விழுக்காடாக இருந்த அவ்வுதவி 0.3 ஆகக் குறையும். அதை நம்பியிருக்கும் ஆப்பிரிக்க, ஆசிய ஏழை மக்கள் எவரும் ஹேக் மாநாட்டு மேசையில் இடம்பெறவில்லை.