பொத்தானா? தொடுதிரையா?

விஞ்ஞானம் நாளுக்கு நாள் வளர்ந்து வருகிறது. நேற்று வியப்பாக இருந்தது இன்று வீட்டுப் பொருளாகிவிடுகிறது. புதியது வந்ததும் பழையதை ஒதுக்கிவிடுவதும் நம் வழக்கமாகிவிட்டது. ஆனால் ஒதுக்கப்பட்ட பழையதிலே ஒரு நன்மை இருந்து, புதியதிலே அது இல்லாமற் போனால் என்ன செய்வது? கையில் எடுத்துச் செல்லும் பாட்டுக் கருவிகளைப் பற்றி என் மனத்தில் எழுந்த இக்கேள்வியை அன்புத் தோழியர், அருட்சகோதரிகள், பெற்றோர் அனைவர் முன்னும் வைக்க விரும்புகிறேன்.

1979ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள் ஜப்பானின் சோனி நிறுவனம் 'வாக்மேன்' என்னும் சிறிய கேசட் கருவியை விற்பனைக்குக் கொண்டு வந்தது. அதன் விளிம்பிலே பொத்தான்கள் இருந்தன. பைக்குள் கையை விட்டே பாட்டை நிறுத்தலாம், ஓட்டலாம். 2001 அக்டோபரில் ஆப்பிள் நிறுவனம் 'ஐபாட்' கருவியை அறிமுகம் செய்தது. ஆயிரம் பாட்டுகளைக் கொள்ளும் அக்கருவியின் முகப்பிலே, விரலால் சுழற்றும் சக்கரம் ஒன்று இருந்தது. 2007 செப்டம்பரில் அதே நிறுவனம் 'ஐபாட் டச்' என்ற தொடுதிரைக் கருவியை வெளியிட்டது. 2022 மே மாதத்தில் ஐபாட் தயாரிப்பே நிறுத்தப்பட்டது. இன்று நம்மில் பலருக்குக் கைபேசியின் தொடுதிரையே பாட்டுப் பெட்டி.

இதில் என்ன குறை என்று நானும் ஒரு காலத்தில் கேட்டவள்தான். என் எண்ணத்தை மாற்றியவர் என் அம்மாச்சி.

அம்மாச்சிக்கு வயது எழுபத்து நான்கு. கண் நீர் அழுத்த நோயால் பார்வை மிகவும் மங்கிவிட்டது. போன பார்வை திரும்பாது என்று மருத்துவர் கூறிவிட்டார். விடியற்காலையில் எழுந்ததும் தம் சின்னப் பாட்டுப் பெட்டியைத் தடவி எடுத்து, பழைய பாட்டுகளைத் தாமே போட்டுக் கேட்பார்கள். சென்ற ஆண்டு அதன் பொத்தான் ஒன்று பழுதானது. உடனே என் மாமா அன்போடு ஒரு தொடுதிரைக் கருவியை வாங்கி வந்தார். அதன் பளபளப்பைக் கண்டு வீட்டிலே எல்லோருக்கும் மகிழ்ச்சி.

மூன்றாம் நாள் விடியற்காலை ஐந்து மணிக்குப் படிப்பதற்காக எழுந்தேன். வீடு அமைதியாக இருந்தது. கட்டிலில் அந்தக் கருவியை மடியில் வைத்தபடி அம்மாச்சி சும்மா உட்கார்ந்திருந்தார்கள்.

"பாட்டுப் போடலையா, அம்மாச்சி?" என்றேன்.

"நீங்க யாராவது எந்திரிக்கட்டும்னு இருக்கேன், தாயி. ஒரு பாட்டுக்காக ஆளை எழுப்பலாமா?" என்றார்கள்.

அச்சொல் என் நெஞ்சைத் தைத்தது. பிறர் துணையின்றி அவர்கள் செய்துவந்த ஒரு சிறு காரியத்தையும் நாங்கள் பரிசு என்ற பெயரால் பறித்துவிட்டோம் அன்றோ!

இதற்குக் காரணம் என்ன? தொடுதிரைக் கண்ணாடியின் அடியில் மெல்லிய மின்புலம் ஒன்று உண்டு. நம் உடல் மின்சாரத்தைக் கடத்துவதால், விரல் பட்ட இடத்தில் அம்மின்புலம் மாறுகிறது. அதைக் கொண்டு விரல் எங்கே இருக்கிறது என்பதைக் கருவி அறிந்துகொள்கிறது. ஆனால் தான் எங்கே இருக்கிறோம் என்பது விரலுக்குத் தெரிவதில்லை! எங்கும் ஒரே வழவழப்பு. கண் பார்த்துச் சொன்னால்தான் உண்டு. பொத்தானோ மேடும் பள்ளமுமாக இருந்து விரலோடு பேசுகிறது. தொலைபேசியில் 5 என்ற எண்ணின் மீது சிறு புள்ளி ஒன்று இருப்பதைத் தடவிப் பாருங்கள். இருட்டிலும் ஜெபமாலையின் பெரிய மணியை நம் விரல் அடையாளம் காண்பதில்லையா? அதுபோலத்தான்.

தொடுதிரைக்கும் பெருமை உண்டு; அதை மறைப்பது நேர்மையாகாது. ஆயிரக்கணக்கான பாட்டுகளிலிருந்து வேண்டியதைத் தமிழிலேயே எழுதித் தேடலாம். திரையிலுள்ளதை வாய்விட்டுப் படித்துச் சொல்லும் வசதி 2009ஆம் ஆண்டிலேயே ஐபாட் டச் கருவிக்கு வந்துவிட்டது. பார்வையற்றோர் பலர் இத்தகைய வசதியைத் திறமையாகப் பயன்படுத்துகின்றனர். அம்மாச்சிக்கும் நான் ஒரு வாரம் கற்றுக் கொடுத்தேன். "பாட்டை விட இது பேசுறதுதான் அதிகமா இருக்கு, தாயி!" என்று சிரித்துவிட்டார்கள். இளமையில் எளிதாக வருவது முதுமையில் எளிதாக வருவதில்லை.

பொத்தானை நீக்கியவர்களே அதைத் திரும்பக் கொண்டு வந்ததும் உண்டு. முதல் ஐபாட் டச் கருவியில் ஒலியைக் கூட்டவும் குறைக்கவும் பொத்தான் கிடையாது. 2008இல் வந்த இரண்டாம் கருவியில் அதை வைத்தார்கள். 'ஐபாட் ஷஃபிள்' என்னும் சிறு கருவியின் உடலிலிருந்து 2009இல் பாட்டை இயக்கும் பொத்தான்களை எடுத்துவிட்டுச் செவிக் கம்பியிலே பொருத்தினார்கள். 2010இல் அவை மீண்டும் கருவிக்கே வந்து சேர்ந்தன. 2017இல் நம் நாட்டின் சரிகம நிறுவனம் வெளியிட்ட 'கார்வான்' பாட்டுப் பெட்டியும் பொத்தான்களோடுதான் வந்தது.

ஆகவே, தொடுதிரையை ஒழிக்க வேண்டும் என்று நான் கூறவில்லை. தேடுவதற்குத் திரை இருக்கட்டும். ஆனால் இயக்கவும் நிறுத்தவும், பாட்டை மாற்றவும், ஒலியைக் கூட்டிக் குறைக்கவும் விரலுக்குத் தெரியும் பொத்தான்கள் கட்டாயம் இருக்க வேண்டும். கண்ணுள்ளோருக்கு அது வசதி. கண் மங்கியோருக்கு அது சுதந்திரம்.

பேருந்து நிலையத்தின் அருகிலுள்ள பழுது பார்க்கும் கடையில் அப்பா அந்தப் பழைய பெட்டிக்குப் புதிய பொத்தான் போட்டு வாங்கி வந்தார். இப்போது விடியற்காலையில் என்னை எழுப்புவது அம்மாச்சியின் பாட்டுத்தான்.

பெற்றோரே, வீட்டு முதியோருக்கு ஒரு கருவி வாங்கும் முன் கடையிலேயே ஒரு நிமிடம் கண்களை மூடிக்கொண்டு அதை இயக்கிப் பாருங்கள். தோழியரே, நாளை நம்மில் சிலர் பொறியியல் கற்றுக் கருவிகளைப் படைக்கக்கூடும். அன்று நம் கண்ணுக்கு அழகாக இருக்கிறதா என்று மட்டும் பார்க்காமல், இருட்டில் உட்கார்ந்திருக்கும் ஒருவரின் விரலையும் நினைப்போமாக!

— பத்தாம் வகுப்பு மாணவி