வெங்காயம் முதல் யானை வரை... பிரான்மலைக் கல்லில் ஒரு மகமைக் கணக்கு!

கொட்டாம்பட்டியில் நான்குவழிச் சாலையை விட்டுக் கிழக்கே திரும்பினால் சிங்கம்புணரி. அதைத் தாண்டினால் கண்ணில் படுவது பிரான்மலை. பாரி ஆண்ட பறம்பு மலை இதுதான் என்பது இந்தப் பக்கத்து மக்களின் நம்பிக்கை. பக்தர்களுக்கோ இது சம்பந்தர் பாடிய திருக்கொடுங்குன்றம்.

இந்த மலைக்கோயிலுக்கு இன்னொரு பெருமையும் உண்டு. பாண்டியர் ஆட்சி நடந்த 13-ம் நூற்றாண்டில், ஐந்நூற்றுவர் என்ற வணிகக் குழுவினர் இங்கே ஒரு கல்வெட்டு பொறித்தார்கள். தாங்கள் விற்கும் ஒவ்வொரு சரக்குக்கும் இவ்வளவு என்று கோயிலுக்குக் கொடுக்க ஒப்புக்கொண்ட கணக்கு அது. அரசன் விதித்த வரி அல்ல. வியாபாரிகள் தாங்களே கூடித் தங்களுக்குப் போட்டுக்கொண்டது. 'மகமை' என்று நாம் இன்றும் சொல்கிறோமே, அதேதான்!

பட்டியலைப் படித்தால் அந்தக் காலத்துச் சந்தையே கண்முன் விரியும். உப்பு, நெல், அரிசி, பயறு, வெங்காயம், கடுகு, சீரகம், மஞ்சள், சுக்கு, மிளகு, பாக்கு, பருத்தி, நூல், இரும்பு, தேன், மெழுகு... கூடவே பட்டு, சந்தனம், அகில், பன்னீர். கடைசியில் குதிரை, யானை!

சாமானியர் வீட்டு வெங்காயமும் அரண்மனைக்குப் போகும் யானையும் ஒரே கணக்கில் வருகின்றன. கடலே இல்லாத இந்த ஊர் எவ்வளவு பெரிய வணிக வலையில் இருந்தது தெரியுமா? இதே ஐந்நூற்றுவர் 1088-லேயே சுமத்ரா தீவின் பாருஸ் துறைமுகத்தில் தமிழ்க் கல்வெட்டு வைத்தவர்கள்!

காலம் மாறியது. வணிகர்கள் கூடிய மலை, பிற்காலத்தில் சிவகங்கைச் சீமையின் அரணானது. மலைமேல் உள்ள கோட்டை மிச்சங்களை மக்கள் மருதுபாண்டியர் பெயரோடு சேர்த்தே சொல்கிறார்கள். 1801 அக்டோபர் 24-ல் திருப்பத்தூரில் மருது சகோதரர்களை ஆங்கிலேயர் தூக்கிலிட்டார்கள். இன்று அதே மலையின் அடிவாரத்தில் சிவன் கோயில், உச்சியில் தர்கா.

போர்களையும் மன்னர்களையும் பாடப் பலர் இருந்தார்கள். உப்பு மூட்டை சுமந்தவர்களுக்கும் நூல் விற்றவர்களுக்கும் சாட்சி இதுபோன்ற கற்கள்தான். அடுத்த முறை எந்தப் பழைய கோயிலுக்குப் போனாலும், சுவரில் எழுத்து தெரிந்தால் அதன்மேல் விபூதியோ எண்ணெயோ தடவாதீர்கள். கை துடைக்கும் அந்த இடத்தில் உங்கள் ஊரின் கதையும் இருக்கலாம்!