புருவம் எந்தக் கணக்கில்?

புழுவெட்டில் புழு எதுவும் இல்லை. உடலின் நோயெதிர்ப்பாற்றல் தன் மயிர்க்கால்களையே தாக்குவதால் வட்டவட்டமாக முடி உதிரும் நோய் அது. பெயர் காரணத்தைப் பிழையாகச் சொல்கிறது. ஆனால் கண்ணாடி முன் நிற்பவரின் திகிலைச் சரியாகவே சொல்கிறது. அத்திகிலுக்கு மருத்துவ அளவுகோலில் இடம் உண்டா என்பதே கேள்வி.

இந்நோயின் தீவிரத்தை அளக்கப் பெரிதும் பயன்படுவது சால்ட் மதிப்பெண். எலிஸ் ஆல்சனும் பிறரும் 2004இல் வெளியிட்ட ஆய்வு நெறிமுறைகளால் நிலைபெற்றது. உச்சந்தலை 40, பின்தலை 24, பக்கங்கள் 18 வீதம் எனத் தலைப்பரப்பு நூறாகப் பகுக்கப்படுகிறது. உச்சியில் பாதியும் பின்தலையில் காற்பங்கும் உதிர்ந்திருந்தால் 20உம் 6உம் கூடி 26. எளிய கணக்கு, வெவ்வேறு ஊர் ஆய்வுகளை ஒப்பிட இது இன்றியமையாதது. பாரிசிட்டினிப் மருந்துக்கு 2022 ஜூனில் அமெரிக்க ஒப்புதல் கிடைத்ததும் இக்கணக்கின் பலத்தில்தான்: 50உம் அதற்கு மேலும் பெற்றோரே சோதனையில் சேர்க்கப்பட்டனர், 20க்குள் இறங்குவதே வெற்றி. (கண்மதிப்பால் இடும் எண்ணில் 48க்கும் 52க்கும் இடையே உள்ள தொலைவு எவ்வளவு என்று யாரும் கேட்கலாம்.)

குளத்தூரிலிருந்து நெய்யாற்றின்கரைக்குச் சிகிச்சைக்குச் செல்லும் ஓர் இளம்பெண்ணைக் கற்பனை செய்யலாம். தலையில் ஒரே ஒரு சிறு வட்டம். இரு புருவங்களும் இமைமயிரும் அறவே இல்லை. சால்ட் அவளுக்கு 3 தரும். புருவம் தலைப்பரப்பில் சேராது.

இக்குறையை வல்லுநர்களும் உணர்ந்தே 2022இல் வேறோர் அளவுகோலை முன்வைத்தனர். அதில் 20 வரை மிதம், 49 வரை நடுத்தரம், அதற்கு மேல் தீவிரம். புருவ, இமை இழப்பு வெளிப்படையாகத் தெரிந்தாலோ, மனத்தையும் சமூக வாழ்வையும் நோய் குலைத்தாலோ, ஆறு மாத மருத்துவம் பலிக்காவிட்டாலோ, முடி பரவலாக எளிதில் பிடுங்கி வந்தாலோ, ஒரு படி உயர்த்தலாம். அப்பெண் நடுத்தரத்துக்கு வருகிறாள்.

எனினும் மனக்குலைவை அறியக் கேட்டாக வேண்டும். எந்த மொழியில்? 1956இல் விளவங்கோடு தமிழகத்துக்கு வந்தது; நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. எல்லையோரத் தமிழர் மலையாளம் அறிவர். மருந்துச் சீட்டுக்கு அது போதும். புருவமின்றித் திருமண வீட்டுக்குப் போவதைப் பற்றிச் சொல்ல வீட்டுமொழி வேண்டும். மலையாளப் படிவத்தில் 'ஓரளவு' என்னும் கட்டத்தில் அவள் இடும் குறி, அவள் துயரத்தின் அளவா, மொழித் தயக்கத்தின் அளவா என்பதைப் படிவம் காட்டாது. சால்ட் எண்ணுக்குக் கீழே புருவத்துக்கு ஒரு வரியும், நோயாளி தன் சொல்லில் கூறியதற்கு ஒரு வரியும் சேர்ப்பதற்குப் புதிய கருவியோ பெருஞ்செலவோ தேவையில்லை.