நாமும் நம் மக்களும்: அடிக்கு ஒரு பெயர்



ஆடி மாத மழை மும்பை நகரை நனைத்துக்கொண்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை. நாம் சங்கத்தின் கீழ்க்கூடத்தில் அமர்ந்து பழைய இதழ்களைப் புரட்டிக்கொண்டிருந்தோம். மேல்மாடியில் தமிழ் வகுப்பு முடிந்திருந்தது. பிள்ளைகள் படியிறங்கும் ஓசையை எதிர்பார்த்திருந்த நமக்கு வேறோர் ஓசை கேட்டது. தளமே அதிரும்படித் தடதடவென்று காலடிகள். அவற்றுக்கு மேலே, வண்டி எஞ்சின்போல் இடைவிடாமல் அடிக்கும் ஓர் இசை.

"மேலே என்ன நடக்கிறது?" என்று சீட்டாட்ட மேசையிலிருந்த பெரியவர் வினவினார்.

"ஷஃபில், தாத்தா" என்றான் தண்ணீர் குடிக்க இறங்கிவந்த சிறுவன்.

"அது சீட்டைக் கலைப்பதற்கல்லவா பெயர்? அதற்கு இத்தனை ஆரவாரம் ஏன்?"

கூடம் நகைத்தது. ஆனால் அந்த நகைப்பு நெடுநேரம் நீடிக்கவில்லை. ஓசையை அடக்குவதற்கென்று மேலே சென்ற நம் செயலாளர், வாயிற்படியைத் தாண்டி வைத்த முதல் அடியிலேயே வழுக்கி விழுந்தார். கால் நன்றாகச் சறுக்க வேண்டுமென்று பிள்ளைகள் தரையில் முகப்பவுடரைத் தூவியிருந்தார்கள். இறையருளால் முழங்கையில் சிராய்ப்போடு போயிற்று. "மெல்போர்னிலும் இப்படித்தான் தூவுவார்களாம்" என்று ஒரு பிள்ளை சமாதானம் சொன்னது. சொன்னது உண்மைதான் என்றாலும், கீழே கிடப்பவரிடம் சொல்லத்தக்க சமாதானமன்று அது.

அன்றிரவே செயற்குழு கூடியது. இரு குற்றங்கள் எழுந்தன. ஒன்று, ஆட்டம் ஆபத்தானது. மற்றொன்று, அதற்குத் தமிழில் பெயரே இல்லை. தமிழ்ப் பெயரில்லாத நிகழ்ச்சி பொங்கல் விழா நிரலில் இடம்பெறலாகாது என்பது நம் சங்கத்தின் பழைய விதி. பிள்ளைகளோ அந்த மேடையை எண்ணியே ஒத்திகை பார்த்து வந்தார்கள். தடை அறிவிப்பை எழுதும் பொறுப்பு நம்மிடம் விடப்பட்டது. எழுதுவதற்கு முன் ஒருமுறை கண்ணால் கண்டுவிடுவோம் என்று அடுத்த ஞாயிறு மாடியேறினோம். இல்லையேல் இக்கட்டுரைக்கு இடமே இராது.

நம் ஐயங்களைத் தீர்த்தவள் பதின்மூன்று வயதுச் சிறுமி ஒருத்தி. அவள் சொன்னவற்றையும் பின்னர் நாம் படித்தறிந்தவற்றையும் இங்கே தொகுத்துத் தருகிறோம்.

இவ்வாட்டம் ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரில், 1980களின் இறுதிக்கும் 1990களின் தொடக்கத்துக்கும் இடைப்பட்ட காலத்தில் உருவாயிற்று. மின்னணு இசை இரவெல்லாம் ஒலிக்கும் இளைஞர் கூட்டங்களே அதன் தொட்டில். பள்ளியும் ஆசிரியரும் இல்லாமல், ஒருவர் காலைப் பார்த்து மற்றவர் கற்றார்கள். ஆடியவர்கள் தொடக்கத்தில் அதனை வேறு பெயரால் குறித்ததும் உண்டு. 'மெல்போர்ன் ஷஃபில்' என்று ஊர்ப்பெயர் சேர்ந்து நிலைத்தது பின்னரே. ஷஃபில் என்னும் ஆங்கிலச் சொல்லுக்குச் சீட்டைக் கலைத்தல் என்பது ஒரு பொருள். காலைத் தூக்காமல் தேய்த்து நடத்தல் என்பது மற்றொரு பொருள். இங்கே பொருந்துவது இரண்டாவது. 2000க்குப் பின் காணொளிகள் வாயிலாக இவ்வாட்டம் மலேசிய இளைஞரிடையே வேரூன்றியது. 2011இல் எல்எம்எஃப்ஏஓ என்னும் அமெரிக்கக் குழுவின் 'பார்ட்டி ராக் ஆந்தம்' பாட்டோடு உலகெங்கும் பரவிற்று.

சீனத்தில் நிகழ்ந்ததுதான் நம்மை வியக்கவைத்தது. அங்கே நகரச் சதுக்கங்களில் நடுத்தர வயதுப் பெண்கள் கூட்டங்கூட்டமாக இதனை ஆடுகிறார்கள். அவர்கள் மொழியில் இதற்கு இரு பெயர்கள். ஒன்றின் பொருள் 'பேயடி ஆட்டம்'. கால் தரையில் படாமல் மிதப்பதுபோல் தோன்றுவதால் வந்த பெயர். மற்றொன்றின் பொருள் 'இழுத்தடி ஆட்டம்'; கால் செய்யும் வேலையால் வந்த பெயர். ஒரே ஆட்டம், ஒரு பெயர் காண்பவர் கண்ணிலிருந்தும், மற்றது ஆடுபவர் காலிலிருந்தும் பிறந்திருக்கின்றன.

இனி அடிகளைக் காண்போம். அடிப்படை அடிகள் இரண்டே.

முதலாவது 'ரன்னிங் மேன்', அதாவது ஓடும் மனிதன். ஒரு முழங்காலைத் தூக்க வேண்டும். அக்காலை முன்னே ஊன்றும் அதே கணத்தில் மற்றக் கால் பின்னோக்கிச் சறுக்க வேண்டும். பின்பு முன்கால் நடுவுக்கு இழுபட, பின்கால் முழங்காலாக உயர வேண்டும். பார்ப்பவர்க்கு ஆள் ஓடுகிறான். ஆனால் நின்ற இடத்தைவிட்டு ஒரு சாண்கூட நகர்வதில்லை. இப்பெயர் ஷஃபிலுக்கென்றே பிறந்ததன்று. 1980களின் இறுதியில் அமெரிக்க ஹிப் ஹாப் ஆட்டத்தில் இதே பெயரோடு ஓர் அடி புகழ்பெற்றிருந்தது.

இரண்டாவது 'டீ ஸ்டெப்'. ஒரு கால், குதிகாலையும் நுனிக்காலையும் மாற்றிமாற்றித் திருப்பிக்கொண்டே பக்கவாட்டில் ஊர்ந்து செல்லும். மற்றக் கால் உயர்ந்து உயர்ந்து அதன் அருகே தொட்டு மீளும். இரு பாதங்களும் சேரும் நிலை ஆங்கில எழுத்து 'டீ' போலத் தோன்றுவதால் இப்பெயர்.

இவற்றோடு 'சார்ல்ஸ்டன்' என்றோர் அடியும் கலந்திருக்கிறது. அது அமெரிக்காவின் தென் கரோலினாவிலுள்ள ஒரு துறைமுக நகரின் பெயர். கறுப்பின மக்களின் ஆட்டமாக இருந்து, 1923இல் ஒரு நாடக அரங்கின் பாட்டால் நாடெங்கும் பரவியது. நூறாண்டு கழிந்தும், பாட்டு மாறியும், காலில் அந்த ஊர்ப்பெயர் நிலைத்திருக்கிறது.

இவ்வளவும் சொல்லிவிட்டு அச்சிறுமி நம்மை நோக்கி, "தாத்தா, தமிழில் இவற்றை என்ன சொல்வது? பெயர் இல்லையென்றால் மேடை இல்லை என்கிறார்களே!" என்றாள். அவள் குரலில் குறும்பு இல்லை. முந்தைய ஆண்டுகளில் தமிழ் வகுப்பைவிட்டு ஒவ்வொருவராக நின்றுபோன பிள்ளைகள் நம் நினைவுக்கு வந்தார்கள். மாடிக் கதவை இவர்களுக்கும் அடைத்தால் கீழ்க்கூடத்தில் எஞ்சுவோர் யார்?

அன்றிரவு அகராதியும் கையுமாக அமர்ந்தோம். ஷஃபிலுக்கு 'இழுபத நடனம்', ரன்னிங் மேனுக்கு 'நிலைபெயரா ஓட்டம்', டீ ஸ்டெப்பிற்குப் 'பக்கப் பெயர்ச்சி அடி' எனப் பெயர்கள் படைத்தோம். மிகுந்த மனநிறைவோடு உறங்கினோம் என்பதையும் மறைப்பானேன்?

அடுத்த ஞாயிறு அந்த நிறைவு அரை நிமிடத்தில் கலைந்தது. அவர்கள் ஆடிய பாட்டில் நிமிடத்திற்கு 128 தட்டுகள்; ஒரு நொடிக்கு இரண்டுக்கும் மேல். முன்னே நிற்பவர் பெயரைக் கூவ, பின்னே நிற்பவர்கள் அடியை மாற்ற வேண்டும். 'நிலைபெயரா ஓட்டம்' என்று நாம் சொல்லி முடிப்பதற்குள் கால்கள் நான்கு தட்டுகளைக் கடந்திருந்தன. ஆட்டத்தில் பெயர் என்பது ஓர் ஏவல். நாம் படைத்தவை தாளில் எழுதுவதற்கு ஏற்றவை. காலுக்கு ஏற்றவை அல்ல. பிள்ளைகள் நம்மிடம் மரியாதையாகவே நடந்துகொண்டார்கள், ஆனால் பழையபடி, "ஸ்லைட் மாரோ!" என்றே கூவத் தொடங்கினார்கள்.

அப்போது துணைக்கு வந்தவர், நம் சங்கத்தில் நெடுங்காலம் பரதம் பயிற்றுவித்த அம்மையார். நாற்காலியில் அமர்ந்து பிள்ளைகளின் பாதங்களையே கூர்ந்து நோக்கிய அவர், "நம் அடவுகளுக்கு யாரும் அகராதி பார்த்துப் பெயர் வைக்கவில்லையே! தட்டினால் தட்டடவு, குதிகாலை நாட்டினால் நாட்டடவு, சறுக்கினால் சறுக்கல் அடவு, தட்டி, குதிகாலை இறக்கினால் தட்டிமெட்டு. கால் செய்வதை வாய் சொல்கிறது, அவ்வளவுதான்" என்றார்.

உடனே நமக்கு உற்சாகம் பொங்கியது. "அப்படியானால் இவையெல்லாம் நம்மிடம் முன்பே இருந்தவைதாமே!" என்றோம். அம்மையார் அதற்கு உடன்படவில்லை. "அடவுக்கு அரைமண்டி வேண்டும், கையும் கண்ணும் கூடவேண்டும். இவர்கள் நிமிர்ந்து நின்று ஆடுகிறார்கள். இது வேறு, அது வேறு. பெயர் வைக்கும் முறையை இரவல் கொடுக்கலாம், ஆட்டத்தை நமதென்று சொல்லக்கூடாது" என்றார். நாம் வாயடைத்து நின்றோம். எதைக் கண்டாலும் அது நம்மிடமிருந்து போனதே என்னும் பழக்கம், வெளியூரில் வாழும் நம்மைச் சற்று மிகுதியாகவே பற்றிக்கொள்கிறது.

பிறமொழிச் சொல்லைக் கண்டு அஞ்சுவதும் தேவையில்லை என்பதற்கு இன்னொரு சான்று உண்டு. பறையிசைக் கலைஞர்கள் வழங்கும் அடி வகைகளில் 'ஒத்தையடி', 'சாமிச்சாட்டு அடி' இவற்றோடு 'சினிமா அடி' என்பதும் இருக்கிறது. தொன்மையான கலை அந்தப் புதுச்சொல்லைக் கூசாமல் பக்கத்தில் அமர்த்திக்கொண்டது. அதனால் பறை தன் பெருமை குன்றவில்லை.

ஆகவே புதிதாகத் தொடங்கினோம். முழங்கால் உயரும் அடிக்குப் பிள்ளைகள் 'ஓடு' என்றார்கள். வழுக்கிச் செல்வதற்குச் 'சறுக்கு' என்றார்கள். டீ ஸ்டெப்பில் வந்து நின்றுவிட்டோம். 'ஊர்' என்றோம், அது கிராமமா என்று கேட்டார்கள். 'நகர்' என்றோம், அது பட்டணமா என்று கேட்டார்கள்.

அப்போது பின்வரிசையிலிருந்து ஒரு குரல், "நண்டு!" என்றது.

திரும்பிப் பார்த்தோம். இரண்டாண்டுகளாக வகுப்பில் வாய் திறவாத சிறுவன் அவன். ஆசிரியர் தமிழில் கேட்டால் தலை குனிவான். வற்புறுத்தினால் இந்தியில் ஒரு சொல் சொல்வான். அவனுக்குத் தமிழ் வராது என்றே நாம் முடிவு கட்டியிருந்தோம். "நண்டு பக்கவாட்டில்தானே போகும்? தூத்துக்குடியில் ஆச்சி காட்டினாள்" என்றான். சொன்னது அவ்வளவே, பிறகு மீண்டும் தலை குனிந்துகொண்டான்.

அம்மையார் கையால் தாளமிட்டுப் பார்த்தார். நண்டு, நண்டு, சறுக்கு. ஓடு, ஓடு, நண்டு. தட்டுக்குள் சரியாக அமர்ந்தது. அன்று முழுவதும் முன்னே நின்று கூவும் பொறுப்பை அவனிடமே பிள்ளைகள் கொடுத்தார்கள். மழையோசையைத் தாண்டிக் கீழ்க்கூடம்வரை கேட்டது அவன் தமிழ். தலை குனிந்திருந்த அப்பிள்ளையைப் பற்றி நாம் கட்டிய முடிவை எண்ணி உள்ளூர நாணினோம்.

நாம் எழுதிக்கொண்டு போன அறிவிப்பில் தடை என்னும் சொல் இல்லை. செயற்குழு அரைமணி நேரம் வாதிட்டு அதனை ஏற்றது. ஆட்டத்தின் பெயர் 'ஷஃபில்' என்றே நிரலில் தமிழ் எழுத்தில் அச்சாகும். படைத்தவர் வைத்த பெயரை நாம் மாற்றுவதற்கில்லை. அடிகளைத் தமிழில் கூவுவார்கள். விதியின் நோக்கம் அதனால் நிறைவேறும். ஒத்திகை ஞாயிறு மாலை 5 முதல் 6 வரை. பவுடர் அறவே கூடாது. இவ்வொன்றில் செயலாளர் விட்டுக்கொடுக்கவில்லை.

கற்க விரும்பும் பிள்ளைகளுக்கும், அவர்களைவிட ஆர்வத்தோடு கதவோரம் நிற்கும் சில பெற்றோருக்கும் ஒருசில சொற்கள். முதலில் பாட்டு வேண்டாம், எண்ணிக்கை போதும். 'ஓடு' அடியைப் பாதி வேகத்தில், உடல் எடை எந்தக் காலில் நிற்கிறதென்று உணர்ந்து பழகுங்கள். 'நண்டு' அடியை வலப்பக்கம் பயின்ற அளவுக்கு இடப்பக்கமும் பயிலுங்கள். ஒருபக்கம் மட்டும் பழகிய கால் மேடையில் காட்டிக்கொடுத்துவிடும். அடிப்பாகம் அதிகம் பற்றாத காலணி அணியுங்கள். ஈரத் தரையில் ஆடவே கூடாது. மழைக்காலத்தில் துணியால் துடைத்த பிறகே தொடங்குங்கள். கணுக்காலை முன்னதாகச் சுழற்றித் தளர்த்திக்கொள்ளுங்கள். முழங்கால் வலித்தால் அன்றைக்கு நிறுத்திவிடுங்கள்.

இன்னும் ஓர் அடிக்குப் பெயர் கிடைக்கவில்லை. இரு கால்களையும் குறுக்கே பின்னி, அடுத்த கணம் பிரித்து, ஒரே சுழற்சியில் திரும்பி நிற்கும் அடி அது. நாம் ஏதும் சொல்லாமல் இருப்பதே நல்லது என்று பிள்ளைகள் நாகரிகமாகத் தெரிவித்துவிட்டார்கள். உங்கள் ஊரில், உங்கள் வீட்டில், பாட்டியின் வாயில் அதற்கொரு சொல் இருக்கக்கூடும். ஞாயிறு மாலை மாடிக்கு வந்து சொல்லுங்கள். சொல் சிறியதாக இருக்கட்டும். ஒரு தட்டுக்குள் அடங்க வேண்டும்.