தீவின் பெயர் தாங்கும் பறவை

இசுக்காட்லாந்தின் கீழைக் கரைக்கு அப்பால், முந்நூறு அடிக்குமேல் ஓங்கி நிற்கிறது 'பாசு' என்னும் பாறைத்தீவு. அங்குக் கூடுகட்டும் கேனெட்டு எனும் வெண்கடற்பறவைக்கு அறிவியலார் இட்ட இலத்தீன் பெயரிலேயே அத்தீவின் பெயர் பொதிந்துள்ளது. பெயரின் அருமை அறிந்தோர் இதனை எளிதாக எண்ணார்.

2014இல் அங்கே 75,000க்கு மேற்பட்ட கூட்டிடங்கள். 2023இல் ஏறத்தாழ 52,000. இடையே, 2022இல் பாய்ந்தது பறவைக் காய்ச்சல். அந்நோயின் வழிமூலம் கடலன்று. 1996இல் சீனத்தின் குவாங்தோங்கில், பண்ணைப் பெருவாத்துகளிடம் முதலில் கண்டறியப்பட்டது. அடைத்து வளர்த்தவன் மாந்தன், மாண்டது கடற்பறவை! ஆண்டுக்கு ஒற்றை முட்டை. அதுவும் ஏறத்தாழ ஐந்து அகவைக்குப் பின்னரே. பண்ணைகளுக்குக் கடிவாளம் இடாமல் பாறைக்குக் காவல் போட்டு யாது பயன்? பிழைத்தவை சிலவற்றின் வெளிர்நீலக் கண்கள் கருத்துவிட்டன.